கறுப்பு மையில் ஒரு பத்தி

அத்தியாயம் 4

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு வந்து சேர்வதற்குள் மூக்கருக்கு மூன்று முறை குமட்டிவிட்டது. முதல் முறை, கதாநாயகி தபால்காரரின் காதைக் கடித்துத் துப்பியபோது. இரண்டாம் முறை, அந்த மனிதரின் சுண்டுவிரலை அவள் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தில் அடையாளத்துக்குச் செருகி வைத்தபோது. மூன்றாவது முறை எதற்கு என்று அவர் யாரிடமும் சொல்ல விரும்பவில்லை. அதில் ஒரு கல்லீரலும் ஒரு தேக்கரண்டியும் சம்பந்தப்பட்டிருந்தன.

“சீச்சீ!” என்று புத்தகத்தை மேஜைமேல் போட்டுவிட்டுக் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

துப்பறியும் தொழிலுக்கு வந்து பத்தொன்பது வருஷமாகிறது. பெற்றவர்கள் வைத்த பெயரை ஊர் எப்போதோ மறந்துவிட்டது. மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு பெரிது என்பதால் அல்ல, எதிர்வீட்டில் பால் அடிப்பிடித்தால் இவருக்கு இங்கே தெரிந்துவிடும் என்பதால். அந்த மூக்கால் அவர் கண்ட லாபத்தைவிடப் பட்ட அவஸ்தைதான் அதிகம்.

“முடிச்சிட்டீங்களா சார்? கடைசியில புருஷனோட மண்டையைத் திறந்து பார்ப்பா. உள்ள ஒண்ணுமே இருக்காது. அந்த இடத்துல நான் சிரிச்ச சிரிப்புக்கு பஸ்ஸே திரும்பிப் பார்த்துச்சு” என்றாள் கத்தரி.

கத்தரி அவருடைய உதவியாளர். இருபது வருஷம் தையல்காரியாக இருந்தவள். கண் கெட்டுப்போகும் என்று டாக்டர் சொன்னதால் ஊசியை விட்டாள். நாக்கைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லாததால் அதை விடவில்லை.

விஷயம் இதுதான். நாற்பது வருஷத்துக்கு முன் ஒரு பெரிய நாவலாசிரியர் ‘மாடியில் காத்திருந்தவள்’ என்று ஒரு காதல் நாவல் எழுதினார். கணவன் எப்போது வருவான் என்று மாடி அறையிலேயே வருஷக்கணக்காகக் காத்திருக்கும் மனைவியின் கதை. படித்தவர்கள் எல்லாம் அழுதார்கள். மூக்கரும் அழுதவர்தான். அழுதது போதாதென்று அதிலிருந்து ஒரு வரியை எடுத்துத் தன் கல்யாணப் பத்திரிகையில் வேறு அச்சடித்தவர்: ‘நீ வரும்வரை படியிறங்க மாட்டேன்.’

இப்போது அந்த நாவலைப் பிடித்து யாரோ பேய்க்கதையாக்கிவிட்டார்கள். ‘மாடியில் கடித்தவள்’ என்று பெயர். எழுதியவர் பெயர் ‘காட்டேரி.’ பழைய நாவலின் வரிகள் கறுப்பு மையில் அப்படியே இருக்கும். நடுநடுவே சேர்த்த அருவருப்பெல்லாம் சிவப்பு மையில் இருக்கும். எது பழசு, எது புதுசு என்று வாசகர் பார்த்துப் பார்த்துச் சிரிக்க வேண்டுமாம். சந்தையில் சக்கைப் போடு போடுகிறது.

நேற்றுக் காலை நாவலாசிரியரின் மகன் வந்திருந்தார். நாற்பத்தெட்டு வயது, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது, வீட்டை நினைவில்லமாக்கி இவர்தான் நடத்துகிறார். கத்தரி அவருக்கு உடனே ‘வாரிசு’ என்று பெயர் வைத்துவிட்டாள். வாரிசுக்குச் சிவப்பு மையைப் பற்றிப் புகாரே இல்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்த ஒரு கறுப்புப் பத்தியைத்தான் நகத்தால் கீறிக் காட்டினார்.

“தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. சோற்றுத் தட்டோடு வரும் காலடிக்கும், தட்டு இல்லாமல் வரும் காலடிக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியும். ஜன்னலில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும், வேறொன்றும் தெரியாது. கதவின் அடிப்பலகையில் மூன்று ஆணிகள். இன்று பார்த்தபோது அதில் ஒன்று ஆடியது.”

“கறுப்பு மையில இருக்கு. ஆனா எந்தப் பதிப்புலயும் இது கிடையாது. அப்பாவோட பழைய குறிப்புல இருந்து எவனோ திருடியிருக்கான். எனக்கு ஆள் வேணும். பேர், விலாசம். திங்கட்கிழமைக்குள்ள வேணும்” என்றார் வாரிசு. திங்கட்கிழமை பாடநூல் குழு கூடுகிறது. ‘மாடியில் காத்திருந்தவள்’ அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகம் ஆகப்போகிறது. அலைச்சலுக்கு ஆகட்டும் என்று தன் காரையும் டிரைவரையும் வேறு விட்டுவிட்டுப் போனார்.

“ஒரு சந்தேகம் சார்” என்றாள் கத்தரி, செருப்பை மாட்டிக்கொண்டே. “நாப்பது வருஷமா எல்லாரும் அழுதீங்களே, அவ ஏன் ஒரு தடவைகூடக் கீழ இறங்கி வரலைன்னு ஒருத்தருக்காவது கேக்கத் தோணலையா?”

“அதுதான் காதல்.”

“முட்டிவலின்னு நினைச்சேன்.”

பதிப்பகம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. படியேறும்போதே ரப்பர் நாற்றம், மேலே போனால் பசை நாற்றம், உள்ளே போனால் யாரோ காலையில் சாப்பிட்டு மூடி வைக்காத டப்பாவின் நாற்றம். மூக்கர் கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

நீளமான அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்து பழைய நாவல்களைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நேர்மையான குமாஸ்தா ஒருவனைப் பற்றிய புகழ்பெற்ற நாவலை வெட்டிக்கொண்டிருந்தவர், பார்த்தால் மரியாதை தோன்றும்படியான வெள்ளைத் தலைக்காரர். ஓய்வுபெற்ற தமிழாசிரியராம். முப்பது வருஷம் அதே நாவலை வகுப்பில் நடத்தினாராம்.

“குடல் எத்தனை முழம் இருக்கும்?” என்று அவர் பக்கத்து நாற்காலியைக் கேட்டார்.

“பதினஞ்சு முழம் வரும் ஐயா.”

“வேண்டாம். ஆறு முழம் போதும், சுத்தறதுக்கு வாகா இருக்கும்” என்று சொல்லிவிட்டுச் சிவப்புப் பேனாவால் எழுதத் தொடங்கினார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. 

முதலாளி பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டே பேசினார். தோய்த்ததில் பாதி டீயிலேயே விழுந்தது. விழுந்ததை விரலால் எடுத்துச் சாப்பிட்டார். “எங்க முறை ரொம்பச் சுலபம் சார். பழைய புத்தகத்தை வரிவரியா வெட்டித் தாள்ல ஒட்டணும். நடுவுல நாம சேர்க்கறதைச் சிவப்புப் பேனாவால எழுதணும். டைப் அடிக்கற பொண்ணுக்குக் குழப்பமே வராது. சிவப்புன்னா சிவப்பு, மத்ததெல்லாம் கறுப்பு.”

“காட்டேரி யாரு?”

“சத்தியமாத் தெரியாது. தபால்லதான் வரும், போகும். விலாசம்னா வெறும் தபால்பெட்டி நம்பர்தான். ஆனா ஒண்ணு, அதுபோல எழுத இங்க ஆளில்லை. இந்தக் கல்லீரல் இடம் இருக்கே...”

“தாளைக் காட்டுங்க” என்று அவசரமாக வெட்டினார் மூக்கர்.

முதலாளி பரணிலிருந்து ஒரு கட்டை இறக்கினார். பழுப்புக் காகிதத்தில் ஒட்டிய தாள்கள். மூக்கர் பத்துப் பதினைந்து தாள்களைப் புரட்டினார், நின்றார், முதலிலிருந்து திரும்பப் புரட்டினார். ஒரு பக்கம் அச்சிட்ட வரிகளை வெட்டி ஒட்டியிருந்தது. அடுத்த பக்கம் முழுக்கக் கறுப்புப் பேனாவால் கையெழுத்தில் இருந்தது. அதற்கடுத்தது மறுபடி ஒட்டியது. அப்புறம் மறுபடி கையெழுத்து. சிவப்புச் சேர்க்கை மட்டும் எல்லாவற்றிலும் இருந்தது.

“இது ஏன் இப்படி?”

“அதுவா? புத்தகத் தாள்ல முன்னாடியும் அச்சு, பின்னாடியும் அச்சு. முன்பக்கத்தை ஒட்டிட்டா பின்பக்கம் பசைக்கு அடியில போயிடும். அதனால ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு பிரதி கொடுப்போம். காட்டேரி மட்டும் ஒண்ணு போதும்னு எழுதிட்டாரு. சிக்கனமான மனுஷன்!”

“பின்பக்கத்தைப் பார்த்து முதல்ல எழுதி வெச்சுக்கிட்டு, அப்புறம் ஒட்டியிருப்பாரோ?” என்றாள் கத்தரி.

மூக்கர் பையிலிருந்து பழைய நாவலை எடுத்தார், அவர் மனைவிக்குக் கல்யாணத்தின்போது பரிசாகக் கொடுத்த அதே பிரதி. கையெழுத்துப் பக்கம் ஒன்றை அதோடு வைத்துப் பார்த்தார். அச்சில் ‘மாலையில்’ என்றிருந்தது, கையெழுத்தில் ‘பொழுது சாயும்போது.’ அச்சில் ‘கண்ணீர்’, இங்கே ‘கண் நீர் கோத்துக்கொண்டது.’ பக்கத்துக்கு ஐந்தாறு இடம் இப்படி. மற்றதெல்லாம் எழுத்துப் பிசகாமல் சரியாக இருந்தது.

“பார்த்து எழுதறவன் இப்படி மாத்த மாட்டான். இது மனப்பாடமா எழுதினது. நூத்தி எழுபது பக்கத்தை ஒரு ஆள் மனசுல வெச்சிருக்கான் கத்தரி. ஆனா அவன் மனசுல இருக்கறது அச்சான புத்தகம் இல்லை” என்றார் மூக்கர்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கமும் கையெழுத்தில் இருந்த பக்கம்தான். அந்த மூன்று ஆணிப் பத்தி மற்ற வரிகளோடு ஒரே ஓட்டத்தில், ஒரே கறுப்பில் ஓடியது. இடையில் பேனா மாறவில்லை, அடித்தல் இல்லை. எழுதிய கைக்கு அதுவும் பழைய வரிதான். அப்படித்தான் மூக்கருக்குப் பட்டது.

கீழே வந்து காரில் ஏறினார்கள். முதலாளியிடம் கேட்டு வாங்கிய ஒரு தாளை மூக்கர் மடியில் வைத்திருந்தார். கத்தரி அதைப் பின்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரத்தில் வளைவாக ஓடிய புள்ளிக் கோடு ஒன்றை விரலால் தடவினாள்.

“அட, இது பேட்டர்ன் பேப்பர் சார்! துணி வெட்டறதுக்கு அளவு போட்டு வெச்சுக்கற காகிதம். இந்தப் புள்ளியெல்லாம் முள்சக்கரம் ஓட்டினது. இந்த வளைவு நர்ஸ் கோட்டோட காலர். இந்த ஊர்ல நர்ஸ் கோட் மொத்தமாத் தைக்கற இடம் ஒண்ணே ஒண்ணுதான், மேம்பாலத்துக்குக் கீழ. காட்டேரி அங்கதான் பாபின்ல நூல் சுத்திக்கிட்டிருக்கு, போய்ப் பிடிச்சிடலாம்!”

முன்னால் டிரைவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். மூக்கர் அதைக் கவனிக்கவில்லை. “முதல்ல வாரிசு வீடு. கைப்பிரதி அங்கதான் இருக்கும். அந்தப் ‘பொழுது சாயும்போது’ எங்க இருக்குன்னு பார்க்கணும்” என்றார்.

அது நினைவில்லத்தின் கூடத்துச் சுவரில் இருந்தது. வாரிசே முன்னால் நடந்து விளக்கைப் போட்டார். நாவலின் ஓர் அத்தியாயம் முழுவதையும் கைப்பிரதியாகவே கண்ணாடிச் சட்டம் போட்டு வரிசையாக மாட்டியிருந்தார்கள். ‘ஆசிரியர் தம் கைப்பட எழுதியது’ என்று பித்தளைத் தகட்டில் பொறித்திருந்தது.

மூன்றாவது சட்டத்தில், ‘பொழுது சாயும்போது.’ ஐந்தாவதில், ‘கண் நீர் கோத்துக்கொண்டது.’ கத்தரி மூக்கரின் முழங்கையை இடித்தாள். அவரும் அதற்குள் பார்த்துவிட்டார். ‘ழ’கரத்தின் வாலை அடுத்த எழுத்தின் அடிவரை இழுத்துவிடும் கை. அதே கையெழுத்து அவர் பையிலிருந்த பழுப்புத் தாளிலும் இருந்தது. இறந்து ஆறு வருஷமானவர் இந்த வருஷம் தபாலில் கல்லீரல் அனுப்ப முடியாது.

“இது அப்பாவோட கையெழுத்தா?” என்று சாதாரணமாகக் கேட்டார் மூக்கர்.

“பின்ன? அப்பா இந்தக் கூடத்துல உக்காந்து எழுதுவாரு. யாரும் பக்கத்துல போகக்கூடாது.”

“கையெழுத்துப் போட்ட கடிதம் ஏதாவது?”

கடிதம் ஒன்று மேஜைமேல் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. கோழி கிளறியது போன்ற கையெழுத்து. சுவரில் இருந்ததற்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இந்த வீட்டில் அதைச் சட்டம் போட்டு மாட்டியே மறைத்திருந்தார்கள்.

“நல்ல பிரதி எடுத்துக் கொடுக்க ஆள் வெச்சிருந்தாரோ?”

“அம்மா எடுத்துக் கொடுப்பாங்க” என்றார் வாரிசு, சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு. “எனக்கு எட்டு வயசா இருக்கறப்போ அம்மா காய்ச்சல்ல போயிட்டாங்க. இந்த நாவல் வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடி. அந்தத் துக்கம்தான் அப்பாவைப் பெரிய எழுத்தாளரா ஆக்குச்சு.”

மாடி அறையைப் பார்க்க வேண்டும் என்றார் மூக்கர். வாரிசுக்கு விருப்பமில்லை, ஆனாலும் கூட்டிப் போனார். கட்டில், மேஜை, ஒரு சின்ன ஜன்னல். ஜன்னலில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.

வீடு முழுக்கப் பழைய மரத்தின் வாசனை அடித்தது. இந்தக் கதவு மட்டும் வேறு. மூக்கர் கைக்குட்டையை எடுத்துவிட்டு ஒரு தடவை நன்றாக மூச்சை இழுத்தார். புதுப் பெயின்ட். ஒரு வாரம் ஆகியிருந்தால் அதிகம். வீட்டில் வேறெந்தக் கதவுக்கும் பெயின்ட் அடிக்கவில்லை. குனிந்து பார்த்தார். அடிப்பலகை ஒன்று மேலே இருப்பவற்றைவிடக் கனமாக, வேறு மரத்தில், பெயின்டுக்கு அடியிலும் தனியாகத் தெரிந்தது. தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்கள், ஆனால் திருகாணித் துவாரங்களுக்கு வைத்த மாவு இன்னும் முழுசாகக் காயவில்லை. நாலு துவாரமும் வெளிப்பக்கம்தான்.

 மூக்கருக்குக் காலையில் மூன்று முறை வந்த குமட்டல் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. காத்திருந்தவளாம், படியிறங்க மாட்டாளாம். எப்படி இறங்குவாள்? அந்த வரியை நானூறு பத்திரிகையில் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தோமே என்று நினைத்தபோது அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

வெளியே வந்ததும் டிரைவரைப் போகச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தார். 

“சார், அந்தம்மா சாகலையா?” என்று மெதுவாகக் கேட்டாள் கத்தரி.

“சாகலை. பலகையைப் பெயர்த்துக்கிட்டுப் போயிருக்காங்க. அந்தப் பத்தியைப் படிச்சதுமே வாரிசுக்குத் தெரிஞ்சு போச்சு, ஆணியைப் பத்தி அதுக்குள்ள இருந்தவங்களுக்குத்தான் தெரியும்னு. அதான் போன வாரம் கதவுக்கு பெயின்ட். அவருக்குத் திருடன் வேண்டாம். அம்மா எங்க இருக்காங்கன்னு தெரியணும். நாப்பது வருஷம் ஒளிஞ்சிருந்தவங்களை நாம போய்க் காட்டிக் கொடுக்கணுமாம். அந்த வேலைக்குத்தான் நம்மளைப் பிடிச்சிருக்காரு.”

“அப்ப எதுக்கு இப்பப் போறோம்?”

“எச்சரிக்கை பண்ண.”

மேம்பாலத்துக்குக் கீழே தகரக் கூரை போட்ட கூடம். இருபது தையல் இயந்திரங்கள் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருந்தன. பின்னால் பெரிய மேஜையில் வெள்ளைத் துணியை முப்பது மடிப்பாகப் போட்டு ஓர் அம்மாள் வெட்டிக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு, திடமான கை. எல்லோரும் ‘கட்டிங் அம்மா’ என்று கூப்பிட்டார்கள்.

மூக்கர் பழுப்புத் தாளை மேஜைமேல் வைத்தார். அந்த அம்மாள் அதைப் பார்த்தார், வெட்டுவதை நிறுத்தவில்லை.

“புத்தகம் படிச்சீங்களா? எப்படி இருக்கு?”

“மூணு தடவை வாந்தி வர்ற மாதிரி ஆயிடுச்சும்மா.”

“அப்ப நல்லா வந்திருக்கு.” அவர் முகம் மலர்ந்தது. “இங்க பொண்ணுங்க மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல இந்தப் பேய்ப் புத்தகத்தையெல்லாம் படிச்சுச் சிரிப்பாங்க. எனக்கும் ஒரு புத்தகம் மனப்பாடம், நாமும் பண்ணலாமேன்னு தோணுச்சு. அந்தப் புருஷனோட கல்லீரலை அவ கரண்டியால எடுக்கற இடம் எழுதறப்போ, சாமி சத்தியமாச் சொல்றேன், நான் வாய்விட்டுச் சிரிச்சேன்.”

“இந்தப் பத்தியும் சிரிப்புக்குத்தான் எழுதினீங்களா?” என்று நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து காட்டினார் மூக்கர்.

அந்த அம்மாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் படித்தார். மறுபடி படித்தார்.

“இதை நான் எழுதினேனா?”

“கறுப்புப் பேனாவால. பழைய வரியோட சேர்த்து.”

“தெரியாமப் போச்சே.” நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார். “அவர் கீழ எழுதுவார். பையன் தாளை எடுத்துட்டு வருவான், நான் மேல நல்ல பிரதி எடுத்துக் கொடுக்கணும். பொண்டாட்டி புருஷனுக்காகக் காத்திருக்காளாம், பூட்டின அறையில உக்காந்து அதை நான் பிரதி எடுக்கறேன்! இந்தப் பக்கம் எழுதின அன்னிக்குத்தான் அந்த ஆணி ஆடறதைப் பார்த்தேன். இப்ப அதே பக்கத்தை எழுதறப்போ கை தானா அங்க போயிடுச்சு போல. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தானே மனசுல இருக்கு.”

கரண்டிக் காம்பால் பதினொரு நாளில் பலகையைப் பெயர்த்தாராம். தவழ்ந்து வெளியே வந்தபோது படியில் பையன் நின்றிருந்தான். வா என்று கையைக் காட்டினாராம். அவன், “அப்பா, அம்மா போறாங்க” என்று கத்திவிட்டான். அதற்கப்புறம் ஓடத்தான் முடிந்தது.

“உங்களை யார் அனுப்பினது?” என்று திடீரென்று கேட்டார்.

மூக்கர் வாரிசையும் பாடநூல் குழுவையும் போன வாரம் கதவுக்கு அடித்த பெயின்ட்டையும் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் கத்தரியின் முகம் வெளுத்துவிட்டது. “சார்... கார்ல வர்றப்போ நான்... நர்ஸ் கோட், மேம்பாலம்னு டிரைவர் காதுல விழற மாதிரி...”

நுணலும் தன் வாயால் கெடும். வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

இஸ்திரிச் சட்டை உள்ளே வந்தது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. வாரிசு மேஜைக்கு எதிரே வந்து நின்று அந்த அம்மாளைப் பார்த்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. பையிலிருந்து டைப் அடித்த ஒரு காகிதத்தை எடுத்து வெள்ளைத் துணிமேல் வைத்தார்.

“ஒரு கையெழுத்துதான். காட்டேரிங்கற பேர்லயே போட்டாப் போதும். வேற யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம்.”

அம்மாள் காகிதத்தை எட்டத்தில் பிடித்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். “நூற்றுப் பன்னிரண்டாம் பக்கப் பத்தி முழுவதும் என் கற்பனை. ஆசிரியரின் அன்பு மனைவி காய்ச்சலால் அந்த இல்லத்திலேயே கணவரின் மடியில் உயிர் நீத்தார் என்பதை நான் நன்கு அறிவேன்...”

மூக்கர் எத்தனையோ பிணங்களைப் பார்த்தவர். நாறிப்போன கிணற்றுக்குள் இறங்கியவர். பெற்ற தாயிடம் அவளே செத்துவிட்டதாகக் கையெழுத்துக் கேட்பதைப் போல அசிங்கமான எதையும் அவர் இதுவரை கண்டதில்லை. “தூ!” என்று அவரையறியாமல் வாயில் வந்துவிட்டது.

“மடியில உயிர் நீத்தார்” என்று அம்மாள் திரும்பச் சொன்னார். “இது யார் எழுதினது, நீயா? நல்லா எழுதியிருக்க. அப்படியே உங்கப்பா மாதிரி.”

வாரிசின் காதெல்லாம் சிவந்துவிட்டது. “அம்மா, திங்கட்கிழமை கமிட்டி. இத்தனை வருஷம் நான் கட்டிக் காப்பாத்தினது எல்லாம் போயிடும். அப்ப எனக்கு எட்டு வயசும்மா! தாழ்ப்பாள் போடுன்னு அப்பா சொன்னாரு, போட்டேன். எனக்கு என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாதுதான்.” அம்மாள் காகிதத்தை மடித்து அவர் சட்டைப் பையில் தானே வைத்தார். கையை உடனே எடுக்கவில்லை. “தாழ்ப்பாள் போட்ட எட்டு வயசுப் பையனை அன்னிக்கு ராத்திரியே மன்னிச்சுட்டேன். ஓடிக்கிட்டேதான் மன்னிச்சேன். போன வாரம் அந்தக் கதவுக்கு பெயின்ட் அடிச்சிருக்கறதா இவர் சொன்னாரு. அந்த ஆளை எனக்குத் தெரியாது.”

  வாரிசு மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போனார். நாவலாசிரியரின் மகன் என்ற கம்பீரமெல்லாம் வாசலுக்குப் போவதற்குள் கரைந்துவிட்டது. மூக்கருக்கு அவரைப் பார்க்கப் பாவமாகக்கூட இல்லை.

கத்தரி மூக்கைச் சிந்திக்கொண்டு அந்த அம்மாளின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். “என் வாயால வந்ததும்மா. இனிமே இதைத் தைச்சே போட்டுக்கறேன்.”

“நூல் வேணும்னா அந்தப் பெட்டியில இருக்கு, எடுத்துக்க” என்றார் அம்மாள். இயந்திரங்களுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள். அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு மூக்கரிடம் திரும்பினார்.

“அந்தக் கமிட்டி எத்தனை மணிக்கு சார்?”

“பதினொரு மணிக்கு. நீங்க போகணும்னு கட்டாயம் இல்லைம்மா. இங்கிருந்து வேற இடத்துக்குப் போகணும்னாலும் நான் ஏற்பாடு பண்றேன்.”

“ஓடினது போதும். அந்தப் புத்தகத்தை வெச்சு, காத்திருந்தவளின் சிறப்பை எழுதுகன்னு பிள்ளைங்ககிட்ட கேள்வி கேப்பாங்க. பத்து மார்க்குக்கு. அது முடியாது.” அம்மாள் மேஜையைச் சுற்றி வெளியே வந்தார்.  முந்தானையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டார். “எனக்கு அந்தப் பக்கம் வழி தெரியாது. நீங்க கூட வாங்க.”

“வர்றேன்.”

“திங்கட்கிழமைக்கு அரை நாள் லீவு சொல்லணும்” என்று சொல்லிவிட்டு அவர் சூப்பர்வைசரைத் தேடிப் போனார்.